தாம்சின் பாறை

“மணல்திட்டுக்கு வைங்க சார், யாரு வேணாங்கறா, ஆனா பாறைக்குப் போய்...” “பாறைக்குத்தான் வெக்கறேன், மிஸ்டர் லிண்டால்.” “கப்பல் மோதின பாறைக்குக் கப்பல் பேரை வெக்கறதுதானே சார் வழக்கம், நாம மட்டும்...” “மோதல. உரசிச்சு.” “உரசினதுக்கே அடியில இருந்த செப்புத் தகடு சுருண்டு வந்துது, அதுக்குப் போய் தாம்சின் பாறைன்னு போட்டா லண்டன்ல பாக்கறவங்க என்ன...” “படம் யாரோடது? கீழ கையெழுத்துப் போடறது நானா நீயா?” இப்படியே, ஒரு குரல் முடிவதற்குள் இன்னொன்று அதன் மேல் ஏறி, மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து இதே பாட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நான் வினிகரில் நனைத்த துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், சிட்னியில் டிசம்பர் மாதத்து மதியத்தில் படுக்கையும் சுடுகிறது சுவரும் சுடுகிறது, துணி காய்ந்துவிட்டது, எழுந்து மறுபடி நனைக்கலாம், நனைக்கவில்லை. என் கணவர் கேப்டன் நான்கிவெல் யாரையாவது ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிட்டால் அதோடு வாயை மூடிக்கொள்வது நல்லது, அது லிண்டாலுக்குத் தெரியாதா, இத்தனை வருஷம் ஒரே கப்பலில் ஒரே உப்புக்கறிப் பீப்பாயில் கைவிட்டுச் சாப்பிட்டவன், அவருக்குக் கீழே ஆழம் பார்ப்பதும் கோணம் அளப்பதும் அவன் வேலை, அவருடைய கோபத்தின் ஆழமும் அவனுக்கு அத்துப்படி, இருந்தும் இன்றைக்கு விடமாட்டேன் என்கிறான். வடக்கே, வெகு வடக்கே, அவர்கள் இருவரும் பத்து மாசம் சுற்றி அளந்துவிட்டு வந்த பவளப்பாறைகளின் படம் சாப்பாட்டு மேஜை முழுக்க விரிந்துகிடக்கிறது, நாளைக் காலை லண்டன் கப்பலில் அது போயாக வேண்டும், எண்கள் எல்லாம் ஏறியாகிவிட்டது, மிச்சம் இருப்பது பெயர்கள். பெயர்கள் எப்போதும் கடைசியில்தான். அந்தப் பெயர்களை மையில் எழுதப்போவது நான். அதையாவது ஞாபகம் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களா என்றால், இல்லை.

தாம்சின் எங்கள் மகள். ஏப்ரலில் அவளைப் புதைத்தோம்... புதைத்தோம் என்ன புதைத்தோம், நான் புதைத்தேன், கூட நின்றது சமையல்கார நோராவும் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்த பாதிரியாரும், என் கணவர் அப்போது பாறைகளுக்கு நடுவே எங்கோ ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார். செம்புள்ளிக் காய்ச்சல், தொண்டை அடைத்து, பதினோரு வயது. அவளுக்கு எதையும் கேட்டுக் கேட்டு வாங்கியே பழக்கம், அப்பா புறப்படும்போது வாசலில் அவருடைய கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, “போன தடவை எத்தனை மலைக்குப் பேர் வெச்சீங்க, எல்லாம் கிழட்டுப் பிரபுக்கள் பேரு, அவங்க யாராவது அந்த மலையைப் பாக்கப் போறாங்களா? எனக்கு ஒண்ணு வெச்சா என்ன குறைஞ்சுபோயிடும்?” “நீ வந்து பாப்பியாக்கும்?” “பாக்கமாட்டேனா பின்ன? என் பேரை வெச்சா அது என்னோடது இல்லையா, எவனாவது அங்க ஆடு மேய்ச்சா காசு கேப்பேன்.” அவர் சிரித்தார், அப்படி அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி, பொத்தானை அவள் விரலிலிருந்து விடுவித்துக்கொண்டு, “சரி, ஒண்ணு உனக்கு. சத்தியம்.” சத்தியம் செய்தால் காப்பாற்றுகிற மனுஷர், அதுதான் இப்போது தலைவலி. நோரா கதவிடுக்கில் தலையை நீட்டுகிறாள், “அம்மா, ஆட்டுக்கறி ஒரு மாதிரி வாடை அடிக்குது, வினிகர்ல கழுவிப் பாக்கலாம்னா வினிகர் பூரா உங்க நெத்தியில இருக்கு.” “மிளகைத் தூக்கலாப் போட்டு வேகவை, யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்க.” “இவங்க கத்தற கத்துல நாத்தம்கூடத் தெரியாதும்மா, பூனை எப்பவோ சுவரேறிப் போயிடுச்சு, எனக்கும் சுவரேறத் தெரிஞ்சா போயிருப்பேன்.” “கிறிஸ்துமஸ் முடியட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து ஏறலாம்.” அவள் சிரிக்கவில்லை, என் முகத்தையே கொஞ்சம் பார்த்துவிட்டு, “ஏம்மா, நம்ம பாப்பா பேரைத்தான் வெக்கறாங்களாமே, நல்லதுதானேம்மா?” என்கிறாள். நல்லதா? நல்லதுதான் போல இருக்கிறது, எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள், தேவாலயத்தில் மிஸஸ் ஹாக்ஸ்டன்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன பாக்கியம், படம் உள்ளவரைக்கும் குழந்தை இருப்பாளே என்றாள், பாறை என்றால் அவள் மனத்தில் என்ன இருந்ததோ, கடற்கரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிற பாறை என்று நினைத்திருப்பாள்.

நவம்பரில் அவர் வந்த நாள்... வேண்டாம், அதை இப்போது எடுக்கவேண்டாம், எடுக்காமல் எங்கே போவது, அது பாட்டுக்கு வந்து நிற்கிறது. துறைமுகத்திலிருந்து மேட்டில் ஏறி வந்தார், முகம் வெயிலில் உரிந்து, ஒரு கையில் பெரிய சங்கு, இன்னொரு கையில் சுருட்டிய காகிதம், வாசற்படி ஏறும்போதே குரல், “எங்க அவ? பாறை ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்னு சொல்லு.” நான் அனுப்பிய சேதி ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறி மாறி அவரைத் தேடிக்கொண்டு எங்கெங்கோ போயிருந்தது, அவர் கைக்குப் போய்ச்சேரவில்லை, ஆக வாசலில் நின்று நானே என் வாயால் சொல்லும்படி ஆயிற்று. அவர் சங்கைக் கீழே வைத்தார், மெதுவாக, முட்டையை வைப்பதுபோல. காகிதத்தை வைக்கவில்லை. அன்று சாயங்காலம் கல்லறைக்குப் போகும்போதும் கையிலேயே இருந்தது. பிறகு அதைப் பிரித்துத் தேதி பார்த்தேன், எந்தத் தேதியில் அந்தப் பாறைக்கு அவள் பெயரை வைத்தார் என்று, ஏன் பார்த்தேன், பார்த்து என்ன ஆகப்போகிறது, அவர் படகில் உட்கார்ந்து பென்சிலால் அந்தப் பெயரை எழுதிய அன்றைக்கு அவள் மண்ணுக்குள் போய் வாரக்கணக்கு ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிற பெண்ணுக்கென்று கொடுத்தது. இல்லாத பெண்ணுக்குப் போய்ச்சேர்ந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, தேதி அவருக்குத் தெரியாமலா இருக்கும், தேதிகளோடேயே வாழ்கிற மனுஷர்.

எனக்கு எதுவுமே பேச்சாகத்தான் கேட்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி, கார்ன்வாலில் எங்கள் அம்மா சந்தைக்குப் போய் வந்தால், மீன் என்ன விலை என்று கேட்கமாட்டேன், மீன்காரி என்ன சொன்னாள் நீ என்ன சொன்னாய் என்றுதான் கேட்பேன். இந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்குக் கோடு தெரியவில்லை, குரல்தான் கேட்கிறது. பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறவன் கத்துகிறான், “தாம்சின் தெரியுது, திருப்பு, திருப்பு!” சுக்கான் பிடித்தவன், “எங்கடா அவ?” “நேரா முன்னாடி, வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறா!” கள்ளுக்கடையில் ஒருவன், “உன் கப்பல் எங்க போச்சு?” “தாம்சின் தின்னுட்டா.” இன்ஷூரன்ஸ்காரன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, “தாம்சின்லயா? ஆள்களும் போச்சா, சரக்கு மட்டுமா?” துறைமுகத்தில் கறுப்பு உடுத்திக்கொண்டு ஒருத்தி, இரண்டு குழந்தையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, “நாசமாப் போன தாம்சின்...” இதுதான், இதுதான் எனக்குத் தாங்கவில்லை, அவளுக்கு யாரென்று தெரியுமா, என் மகள் ஈ அடித்தால்கூட அழுவாள் என்று தெரியுமா, எங்கோ ஒரு தாய் என் குழந்தையின் பெயரைச் சொல்லிச் சபிப்பாள், சபிக்க அவளுக்கு நியாயமும் இருக்கும். பத்திரிகையில் கப்பல் செய்தி வருகிற பக்கத்தை நான் தினமும் படிக்கிறவள், மாலுமிகளின் மனைவிகள் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்போம், இன்ன கப்பல் இன்ன பாறையில் அடியோடு நாசம், அந்த இன்ன பாறை என்ற இடத்தில்... நான் இனிமேல் அந்தப் பக்கத்தைப் பிரிக்க முடியுமா? அவருக்கு ஏன் இது தோன்றவில்லை, பத்து மாசம் அதைப் பார்த்துப் பயந்து பயந்து கப்பல் ஓட்டியவருக்கு? இந்த மனுஷர்களுக்கு அன்பைக் கொடுக்க இடம் கிடைக்காமல், எதைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கிப் போகவேண்டுமோ அதன் தலையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். இதை அவரிடம் சொல்லவேண்டும். இன்றைக்கே சொல்லவேண்டும், நாளைக் காலை படம் போய்விட்டால் லண்டனில் செப்புத் தகட்டில் வெட்டி ஆயிரக்கணக்கில் அச்சடித்துவிடுவார்கள், பிறகு அழிக்கமுடியாது. சொல்லவேண்டும் என்று நினைக்கும்போதே உடம்பு பிசைந்த மாவு மாதிரி படுக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. யார் எழுந்திருப்பது, யார் வாயைத் திறப்பது.

நாற்காலி தள்ளுகிற சத்தம், கதவு, பிறகு லிண்டால் கூடத்தில் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நிற்கிறான், நான் எழுந்து போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தலைமுடி எப்படி இருக்கிறதோ. அவன் முகம் செக்கச்செவேல் என்று. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, பாப்பாமேல எனக்கு எவ்வளவு பிரியம்னு உங்களுக்குத் தெரியும், எனக்குச் சீட்டாட்டத்துல ஏமாத்தக் கத்துக்குடுத்ததே அவதான்.” “தெரியும் லிண்டால்.” “அந்தப் பாறையில நாங்க எப்படி மாட்டினோம்னு கேப்டன் உங்ககிட்ட சொன்னாரா?” சொல்லவில்லை. வீட்டில் வந்து அவர் எதைச் சொல்லியிருக்கிறார். “சாயங்கால வெயில் எதிர்ல மேடம், மேற்கே பாத்துப் போறோம், தண்ணி பூரா வெள்ளித்தட்டு மாதிரி கண்ணைக் கூசுது, பின்னால வெயில் இருந்தாத்தான் பாறை பச்சையாத் தெரியும், எதிர்ல இருந்தா ஒண்ணும் தெரியாது, அந்த நேரத்துல நங்கூரம் போட்டுட்டு நிக்கணும், அதுதான் முறை, இன்னும் கொஞ்சம் போயிடலாம்னு போனோம். ஈயக்குண்டு இறக்கறவன் ‘அடி தெரியல, அடி தெரியல’ன்னு கத்திக்கிட்டே இருக்கான், அவன் கத்தி முடிக்கறதுக்குள்ள கீழ ஒரு சத்தம், பல்லைக் கடிக்கற மாதிரி. அலை ஒண்ணு தூக்கிவிட்டுச்சு, தப்பிச்சோம், இல்லேன்னா நான் உங்க முன்னாடி நின்னு பேசிட்டிருக்கமாட்டேன். அவரும்தான்.” எதற்கு இவன் இதை என்னிடம் சொல்கிறான், நான் ஏற்கெனவே ஒருத்தியைப் பறிகொடுத்தவள், அவரும் போயிருப்பார் என்ற கணக்கையும் சேர்த்துத் தூக்கு என்கிறானா. “அந்தப் பாறை எத்தனை கப்பலைக் கேக்கப்போகுதோ மேடம். அதுக்குப் பாப்பா பேரு வேணாம். நீங்க சொன்னா கேப்பாரு.” நான் சொன்னால் கேட்பாராம். இருபது வருஷத்தில் நான் சொல்லி அவர் கேட்டது ஜன்னலைச் சாத்தச் சொன்னதைத்தான். “நீங்க போய்ப் படகுல காத்து வாங்குங்க லிண்டால், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாங்க, கறி நாறுது, முன்னாடியே சொல்லிட்டேன்.” போகிறான், வாசலில் தொப்பியைப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கிறான், நல்ல பையன், அவனுக்கும் ஒரு நாள் பெண் பிறக்கும், அவனும் ஏதாவது செய்வான்.

“லவ்டே, வரியா?” என்னைத்தான் கூப்பிடுகிறார், அவ்வளவுதான், தலைவலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கத் தெரியாது. போய் உட்காருகிறேன், என் இடம் ஜன்னல் பக்கம், அவர் எதிரே நின்றுகொண்டு. மைக்கட்டியைத் தண்ணீரில் உரசித் தயாராக வைத்திருக்கிறார், அது அவர் செய்வார், மை காய்ந்துவிடாமல் ஈரத்துணியால் கிண்ணத்தை மூடி, என் மணிக்கட்டின் கீழே வைக்க ஒற்றுத்தாள், வியர்வை படத்தில் பட்டால் தீர்ந்தது, காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலைக்கும் நாலு கல், காற்றாவது ஒன்றாவது. கப்பலில் ஆழம் பார்க்கிறவன் எண்ணைக் கத்துவான், எழுதுகிறவன் அதையே திருப்பிக் கத்திவிட்டுத்தான் எழுதுவான், அந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், அவர் பெயரைக் கூப்பிடவேண்டும், நான் திருப்பிச் சொல்லவேண்டும், அவர் ‘ம்’ என்றபிறகுதான் பேனா காகிதத்தைத் தொடும். பக்கத்து அறையில் கேட்கிறவர்களுக்கு ஏதோ ஜெபம் மாதிரி இருக்கும். “ஸ்டாண்ட்ரிங் முனை.” “ஸ்டாண்ட்ரிங் முனை.” “ம்.” எழுதுகிறேன். “லேடி அகஸ்டா தீவு.” “லேடி அகஸ்டா தீவு.” யார் அந்த அகஸ்டா, அவள் புருஷன் எவருக்காவது வேண்டியவனாக இருப்பான், அந்தத் தீவில் தண்ணீர்கூடக் கிடையாதாம், பறவை எச்சமும் நண்டும்தான், நாளைக்கு லண்டனில் யாராவது அவளிடம் படத்தைக் காட்டினால் விசிறியை வைத்துக்கொண்டு எவ்வளவு அழகு என்பாள். “ஏமாந்த துறை.” “ஏமாந்த துறையா? யார் ஏமாந்தது?” “நாங்கதான், தண்ணி இருக்கும்னு போனோம். எழுது.” எழுதுகிறேன், ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, வந்து போய்விட்டது. எண்கள் என் கண்ணுக்கு முன்னால் எறும்பு போல ஊர்கின்றன, இத்தனை பாகம் ஆழம், இத்தனை பாகம், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், மணல், சிப்பி, குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வந்ததெல்லாம், பாறை நெருங்க நெருங்க எண்ணுக்கு மேலே ஒரு கோடும் ஒரு புள்ளியும், அதற்கு அர்த்தம் கயிறு முழுவதும் விட்டும் அடி தட்டவில்லை என்பது. நோரா படுக்கையை உதறும்போது, ராத்திரி தூங்கினீங்களாம்மா என்று கேட்பாள், அவளுக்கு அந்தக் குறியை வரைந்து காட்டலாம். இதில் எந்த இடத்துக்கும் பெயரே இல்லை என்று நாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம், லிண்டால் ஒரு நாள் சொன்னான், இரும்பு வாங்க ஓடத்தில் வந்த தீவுக்காரர்களிடம் இந்தப் பாறைக்கு என்ன பெயர் என்று கேட்டேன், அவர்கள் நீளமாக ஏதோ சொன்னார்கள், சொல்லிவிட்டுச் சிரித்தார்கள், அவர்கள் அதன் மேல் நடந்து போய் ஆமை பிடிக்கிறார்கள், சிப்பி பொறுக்குகிறார்கள், குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு என்று. அவர்களுக்கு அது சமையல்கட்டு மாதிரி. அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாம் போய் முட்டிக்கொண்டு, முட்டிக்கொண்ட இடத்துக்கு என் பெண்ணின் பெயரை... அவர்கள் சிரித்ததில் என்ன தப்பு.

எல்லாம் ஆயிற்று. முனை, குடா, தீவு, மணல்திட்டு, பிரபுக்கள், பிரபுக்களின் மனைவிமார். மணல்திட்டுக்கு அவர் சொன்னபடி லிண்டால் பென்சிலில் கப்பல் பெயரை எழுதி வைத்திருந்தான், சாண்டர்லிங் திட்டு, அதை இன்னும் நான் மையில் எழுதவில்லை. இப்போதே சொல்லிவிடவேண்டும், இப்போது விட்டால் இல்லை. பேனாவைக் கீழே வைத்தேன். “லிண்டால் சொல்றதுதான் சரி. திட்டுக்கு அவ பேரை வெச்சுட்டுப் பாறைக்குக் கப்பல் பேரை வைங்க.” அவர் தலை நிமிரவில்லை. “உன்கிட்டயும் வந்து ஓதிட்டானா.” “ஓதலை. எனக்கே வேண்டாம். கப்பல் உடையற இடத்துக்கு என் குழந்தை பேரா? எத்தனை பேர் அவளைத் திட்டுவாங்க, யோசிச்சீங்களா?” “திட்டமாட்டாங்க. இந்தப் படம் இருந்தா யாரும் மோதமாட்டாங்க, அதுக்குத்தானே படமே.” “உங்க கையில படம் இருந்துதா, நீங்க மோதினப்ப?” “மோதல.” “உரசினப்ப.” வெளியே தெருவில் எவனோ வண்டிமாட்டை அதட்டிக்கொண்டு போனான். பிறகு அவர் பேசினார், படத்தைப் பார்த்துக்கொண்டேதான், படத்திடம் சொல்கிற மாதிரி. “அந்தத் திட்டு மணல், லவ்டே. நாங்க முதல்ல பாத்தப்ப நீளமா இருந்துது, திரும்பி வரப்ப பாதி இல்ல, ஒரு புயல் அடிச்சா ஒண்ணுமே இருக்காது, அடுத்து வர்றவன் ‘இப்படி ஒரு திட்டு காணோம்’னு எழுதி அழிச்சுடுவான். அவளை இன்னொரு தடவை அழிக்க விடமாட்டேன். பாறை அப்படி இல்ல. உரசின மறுநாள் காத்தே இல்ல, சின்னப் படகுல நான் மட்டும் போய் அதுக்கு மேல நின்னேன், உச்சி வெயில். குனிஞ்சு பாத்தா... கோசுத் தோட்டம் மாதிரி, மான் கொம்பு மாதிரி, நீலம், ரோஸு, என்னென்னவோ, நடுவுல மீனுங்க குஞ்சும் குளுவானுமா. நாள் பூரா பாத்துட்டே இருந்தேன், ஒரு எண்கூட எழுதல. அது கல்லு இல்ல, உயிரு. வளருது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா வளந்துட்டே இருக்கும்.” சொல்லிவிட்டு ஒரு மூலைக்கல்லை நகர்த்தி, பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார்.

நான் என்ன சொல்வது. பதினோரு வயதில் நின்றுபோனவளை வளர்க்க இந்த மனுஷருக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அது இடமாக இல்லாமல் எமனாக இருக்கிறது, அவர் தோட்டத்தைப் பார்க்கிறார் நான் பல்லைப் பார்க்கிறேன், இரண்டும் ஒரே பாறை, அவர் அதன் மேலே அசையாமல் நின்று குனிந்து பார்த்தார், வரப்போகிறவர்கள் யாரும் அப்படி நின்று பார்க்கப்போவதில்லை, எல்லாரும் காற்றோடு வேகமாகத்தான் வருவார்கள். இதைச் சொல்லலாம். சொன்னால் அவர் நொறுங்குவார். சொல்லாவிட்டால் அந்தக் கறுப்புடைக்காரி, இரண்டு பக்கமும் இரண்டு குழந்தை... இன்னும் கல்யாணம்கூட ஆகியிருக்காது அவளுக்கு, எங்கேயோ இந்நேரம் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். நான் அவளுக்காக இவரோடு சண்டை போடவேண்டுமா, இவருக்காக அவளைக் கைவிடவேண்டுமா, எனக்குச் சண்டையே வேண்டாம், கொஞ்சம் தூங்கவேண்டும், யாரும் எதையும் கேட்காத இடத்தில், ஒரு வாரம். தெற்கிலிருந்து காற்று திரும்பிவிட்டது போல, ஜன்னல் துணி ஒருமுறை உப்பி அடங்கியது, சாயங்காலம் ஆகிவிட்டது, ஒற்றுத்தாளை நகர்த்தி மணிக்கட்டைப் பாறையின் பக்கமாகக் கொண்டுபோனேன். அரிவாள் மாதிரி வளைந்த பாறை, லிண்டால் பொறுமையாகப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்திருக்கிறான், எழுத்துகளைத் தள்ளித் தள்ளி எழுதினால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அவள் பெயர் படுத்திருக்கும். பேனாவை மையில் தோய்த்தேன். எழுதப்போகிறேனா, எனக்கே தெரியவில்லை, கை தயாராக இருக்கிறது, அவ்வளவுதான், கைக்கு வழக்கம், அவர் கூப்பிட்டால் அது எழுதிவிடும், நான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே எழுதிவிடும்.

அவர் கூப்பிடவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாய் லேசாகத் திறந்தது, மூடிக்கொண்டது. நான் காத்திருக்கிறேன், மை நுனியில் திரண்டு நிற்கிறது, விழுந்துவிடப் போகிறதே என்று கிண்ணத்தின் விளிம்பில் ஒற்றி எடுத்தேன், மறுபடி தோய்த்தேன். ஏன் கூப்பிடவில்லை? ஸ்டாண்ட்ரிங் வந்தான், அகஸ்டா வந்தாள், எல்லாருக்கும் வாய் வந்ததே... அப்போதுதான், எப்படி இவ்வளவு நாள் இது என் காதில் விழாமல் போயிற்று, எனக்கா, பேச்சைத் தவிர எதையும் கேட்காத எனக்கா, நவம்பரில் வாசற்படி ஏறியதிலிருந்து இவர் ஒருமுறைகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எங்க அவ என்றார். கல்லறையில் இங்கயா என்று கேட்டார். அவளோட செருப்பு என்றார், பொண்ணு என்றார், குழந்தை என்றார், இன்றைக்கு மதியம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கத்தினாரே, அதில்கூடப் பாறை, பாறை என்றுதான், தாம்சின் என்று சொன்னதெல்லாம் லிண்டால். நான்? மனத்துக்குள் ஓயாமல் சொல்கிறேன், வாயால்? நோரா பாப்பா என்கிறாள், நானும் பாப்பா என்கிறேன். இந்த வீட்டுச் சுவர் எங்கள் வாயால் அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. பாய்மர உச்சியில் இருக்கிறவன் காற்றில் தொண்டை கிழியக் கத்துவானே, தாம்சின், தாம்சின் என்று, நான் காதைப் பொத்திக்கொண்டது அதற்காகத்தான், அவனாவது கத்துகிறான்... அதற்காகத்தான் வைக்கிறாரா, தன்னால் முடியாததை யாராவது முன்பின் தெரியாதவன் வாய்விட்டுக் கூப்பிடட்டும் என்று? அவருக்கே தெரியுமா அது? அப்படியென்றால் நான் யார் பக்கம்? மை மறுபடி நுனியில் திரள்கிறது. அடுப்படியில் நோரா எதையோ கீழே போட்டாள், அவர் அசையவில்லை, நானும் திரும்பவில்லை.

“நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்,” என்றேன். “சொல்லுங்க, என்ன பேரு?”